இல்லாத வரி

அந்த அச்சகத்தில் புள்ளியக்காவைத் தெரியாதவர் கிடையாது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருப்பதோடு சரி, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பிரெயில் எழுத்தில் பாடப் புத்தகம் அடிக்கிற அச்சகம் அது. தடித்த தாளில் புள்ளி புள்ளியாக மேடு எழும்பியிருக்கும். அந்த மேட்டை விரலால் தடவிப் பிழை பார்ப்பது அவள் வேலை. அவளுக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை, ஒரு கால் ஆடுகிற அதே நாற்காலி. கால் ஆடுவதைச் சரி செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்ததே பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அவளுக்கு எதிரே உம்மண்ணன் உட்காருவார். கண் தெரிந்த மனிதர், கையில் சாதாரண அச்சுப்பிரதி இருக்கும். அவள் புள்ளிகளைத் தடவி உரக்கப் படிப்பாள். அவர் தன் பிரதியில் அதே வரியைப் பார்த்துக்கொண்டே வந்து, சரியாக இருந்தால் "உம்" என்பார். இல்லாவிட்டால் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். நாள் பூராவும் உம் கொட்டியே சம்பளம் வாங்குகிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று அச்சகத்தில் கேலி. அவர் கோபித்துக்கொள்வதில்லை, அதற்கும் ஒரு உம். பத்தொன்பது வருஷமாக எதிரே உட்கார்ந்தும் பிரெயிலில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது அங்கே விதி. தெரிந்தால் எட்டிப் பார்த்துத் தானாகவே ஒப்பேற்றிவிடுவாராம். காதால் கேட்டதை மட்டும்தான் அவர் நம்ப வேண்டும்.

போன வருஷக் கடைசியில் அவளுடைய வலது கை விரல்கள் எறும்பு ஊர்வதுபோல் முணுமுணுக்கத் தொடங்கின. தூக்கத்தில் எழுப்பிவிடும், எழுந்து உட்கார்ந்து கையை உதறுவாள். பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. தேநீர்க் கோப்பை கையைவிட்டு நழுவும். இப்படி ஒன்றரை மாதம் பாடாய்ப் படுத்திவிட்டு, ஒருநாள் இரண்டு கை ஆள்காட்டி விரலிலும் முணுமுணுப்பு நின்றுபோனது. அப்பாடா, விட்டது சனியன் என்று நினைத்தாள். அன்று காலை மேசையில் தாளைப் போட்டு விரலை வைத்தபோதுதான் தெரிந்தது, சனியன் போகும்போது விரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. புள்ளிகள் இருக்கின்றன என்பது தெரிந்தது. எத்தனை, எங்கே என்பது தெரியவில்லை. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தடவுவதுபோல் இருந்தது.

ஒரு மாதம் சாக்குச் சொன்னவளைத் தங்கைதான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தங்கைக்குக் கண் தெரியும், வாய் அதைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் நரம்புச் சோதனை எல்லாம் எடுத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இதற்குக் கார்பல் டனல் என்று பெயர். மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து இருக்கிறது, அதன் வழியாகப் போகிற நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் அந்த நரம்பின் பொறுப்பு. சுண்டுவிரலுக்கு மட்டும் வேறு வழியாக வேறு நரம்பு போகிறது, அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொள்வதே நல்லது என்றார் டாக்டர். கத்தி என்றதும் அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்படியானால் எட்டு வாரம் யோகா செய்து பாருங்கள் என்றார் அவர். ஆஸ்பத்திரியிலேயே வகுப்பு நடக்கிறது, தூங்கும்போது மணிக்கட்டுக்குப் பட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். வலி குறையலாம், கையில் பிடிப்புக் கூடலாம். மரத்துப்போனது திரும்புமா என்று மட்டும் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இவர்கள் எழுந்துபோகும்போது தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தி ஒன்று சொன்னார்.

"எட்டு வாரத்துல உணர்ச்சி வரலேன்னா தள்ளிப் போடக்கூடாதும்மா. அப்புறம் நான் வெட்டினாலும் வராது."

இது புள்ளியக்காவின் காதிலும் நன்றாகவே விழுந்தது. இவளுக்கு எதுதான் காதில் விழாது?

யோகா வகுப்பு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ரப்பர் பாய் வாசனை அடிக்கிற நீளமான அறையில் நடந்தது. ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் மணிக்கட்டு, தோள், கழுத்து என்று ஏதாவது ஒரு தொல்லை. யோகா டீச்சர் முதல்நாள் ஆரம்பித்ததும், "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க" என்றார். புள்ளியக்கா, "நான் பொறந்தப்பவே மூடிட்டேன் டீச்சர், மேல சொல்லுங்க" என்றாள். அறையே சிரித்தது. டீச்சர் மட்டும் பாவம், பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து அவர் இவளுக்கு வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் தோளையும் முழங்கையையும் தொட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

பயிற்சி ஒன்றும் பிரமாதம் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கைகளை மேலே நீட்ட வேண்டும். தோளைப் பின்னால் சுழற்ற வேண்டும். சுவரில் உள்ளங்கையை வைத்து விரல்களை விரித்து அழுத்த வேண்டும். வலித்தால் உடனே விட்டுவிட வேண்டும், வீரம் காட்டக் கூடாது. கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மனதைச் செலுத்த வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று டீச்சர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். புள்ளியக்காவுக்கு முதல் மூன்று விரல்களும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த பேருந்துப் பயணிகள் மாதிரி இருக்கும். தொட்டுக்கொண்டுதான் இருக்கும், ஒன்றுக்கொன்று அறிமுகம் கிடையாது. "சுண்டுவிரலை விட்டுடாதீங்க, அதுவும் உங்க விரல்தான்" என்பார் டீச்சர். அங்கே போனதும் மட்டும் அவளுக்குச் சுருக்கென்று தெரியும். இடது சுண்டுவிரலின் நகக்கண்ணில் சின்னதாக ஒரு சொரசொரப்பு இருந்தது. அதுகூடத் தெரிந்தது.

பொய் சொல்லக்கூடாது, யோகா வேலை செய்தது. மூன்றாவது வாரத்திலிருந்து விடியும்வரை தூங்கினாள். ஐந்தாவது வாரத்தில், தங்கை திறக்க முடியாமல் முக்கிக்கொண்டிருந்த பாட்டிலைப் பிடுங்கி ஒரே திருகில் திறந்தாள். அவ்வளவுதான், தங்கை தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். கத்தியாவது கித்தியாவது, எங்க அக்கா மூச்சிழுத்தே குணமாக்கிட்டா என்று கடைக்காரரிடம்கூடச் சொன்னாள். ஆள்காட்டி விரல் மட்டும் அப்படியே கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அப்படியானால் இத்தனை நாள் வேலை எப்படி ஓடியது என்றுதானே கேட்கிறீர்கள்? நன்றாக ஓடியது, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தச் சமயம் வந்ததெல்லாம் மறுபதிப்பு, தட்டச்சு மட்டும்தான் புதிது. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், ஒரு நீதிக்கதைப் புத்தகம். எல்லாமே அவள் முன்பு நாலைந்து தடவை பிழை பார்த்தவை. விரல் வரியின் மேல் ஓடும், வாய் தன்பாட்டுக்குப் படிக்கும். முதல் வாரம் அவளுக்கே உறுத்தியது. பாதி விரல், பாதி ஞாபகம் என்று சமாதானம் செய்துகொண்டாள். அப்புறம் எது பாதி, எது முழுசு என்பதே தெரியாமல் போய்விட்டது. பயமாவது வர வேண்டும் இல்லையா? அதுவும் வரவில்லை. காலையில் வந்து உட்காருவாள், விரலை வைப்பாள், படிப்பாள். எதிரே உம், உம், உம்.

மூன்று மாதத்தில் ஒரு பெருக்கல் குறிகூட விழவில்லை. மேலாளரம்மா அச்சகத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பாராட்டினார். பிழையே இல்லாமல், அதுவும் வழக்கத்தைவிட வேகமாக மூன்று புத்தகம் போயிருக்கிறது, எல்லாம் யோகா செய்கிற வேலை, நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். புள்ளியக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். யாருக்கோ நடக்கிற விழாவுக்கு வந்தவள்போல் இருந்தது அவளுக்கு.

எட்டாவது வாரம் டாக்டர் சோதித்தார். இரண்டு முனை உள்ள ஒரு சின்னக் கருவியை விரல் நுனியில் வைத்து, பட்டது ஒரு முனையா இரண்டு முனையா என்று கேட்டார். ஆள்காட்டி விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டாக்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு முனையை வைக்க வேண்டுமானால் கருவியைத் திருப்புவார், அப்போது அவருடைய சட்டைக்கை மேசையில் உரசும். இரண்டு முனை என்றால் உரசாது. உணர்ச்சியுள்ள சுண்டுவிரலில் நாலு தடவை வைத்தபோதே அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. அப்புறம் ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்று தட்டாமல் சொல்லிக்கொண்டே போனாள். நரம்புச் சோதனையை ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். தங்கை அங்கேயே அழுதுவிட்டாள். இவளுக்கு ஒரு ஓரத்தில்கூடச் சந்தோஷம் வரவில்லை. கெட்டிக்காரத்தனமாக எதையோ செய்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை பிரெயிலில் எழுதி அச்சகத்துக்கு அனுப்பியிருந்தாள். உறையின் மேல் அவளுடைய டீச்சர் பேனாவால் முகவரி எழுதியிருந்தார். பிள்ளைகளின் கடிதம் எப்போதாவதுதான் வரும். வந்தால் எல்லோரும் தேநீர் நேரத்தில் கூடி நிற்பார்கள், புள்ளியக்கா படித்துக் காட்டுவாள், அது அங்கே வழக்கம். மேலாளரம்மா தாளை அவள் கையில் கொடுத்தார்.

அவள் விரலை ஓட்டினாள். கம்பளி. இன்னொரு தடவை ஓட்டினாள். எல்லோரும் காத்திருக்கிறார்கள், யாரோ தேநீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. இந்தக் கடிதம் மறுபதிப்பு இல்லையே, ஞாபகத்திலிருந்து எடுக்க! ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்புள்ள அச்சகத்தாருக்கு வணக்கம். உங்க புத்தகம் வந்துச்சு. கதையெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு ஆட்டுக்குட்டிக் கதை பிடிச்சிருக்கு. நன்றி" என்று படித்தாள்.

எல்லோரும் ஆஹா என்றார்கள். உம்மண்ணன் மட்டும் தாளை எட்டிப் பார்த்தார். இவ்வளவு நீளக் கடிதத்துக்கு இவ்வளவுதானா என்று அவர் நினைத்திருக்கலாம். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்துக்கு இத்தனை வரி என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர் அவர். அவள் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். புள்ளியக்கா கட்டிலில் உட்கார்ந்து, யோகா டீச்சர் சொன்னபடி தோளைச் சுழற்றி, கையை நீட்டி மடக்கி, கடைசியில் உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு விரல் விரலாகப் போனாள். முதல் மூன்றும் வழக்கம்போல் பேருந்துப் பயணிகள். சுண்டுவிரலுக்கு வந்ததும் நகக்கண் சொரசொரப்பு. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து, மடியில் பலகையை வைத்து, அதன்மேல் தாளை விரித்தாள். வலது சுண்டுவிரலை முதல் வரியில் வைத்தாள்.

சுண்டுவிரல் பிறந்ததிலிருந்து ஒரு எழுத்து படித்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத விரல் அது. ஆனால் புள்ளி தெரிந்தது. மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று தனித்தனியாகத் தெரிந்தது. எழுத்தைக் கூட்டி வார்த்தையாக்குவதற்குள் முந்தைய எழுத்து மறந்துபோகும், திரும்பவும் போக வேண்டும். கை வேறு கோணலாகத் திரும்பிக்கொண்டது, முழங்கை வலித்தது. முதல் வரிக்கு இருபது நிமிஷம் ஆனது. வாய் இரண்டு மூன்று தடவை முந்திக்கொண்டு அடுத்த வார்த்தையைச் சொல்லப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு விரலுக்காகக் காத்திருந்தாள். கடிதத்தை முடிக்கும்போது ஜன்னல் பக்கத்து வெயில் கன்னத்தைவிட்டுப் போயிருந்தது. பிள்ளை எழுதியிருந்தது இதுதான்.

"நான் மூன்றாம் வகுப்பு. ஆட்டுக்குட்டிக் கதையில் ஆடு கிணற்றில் விழுந்தது. அடுத்த வரியில் ஆடு புல் தின்றது. தபால்காரர் தூக்கினார் என்று டீச்சர் சொல்கிறார். டீச்சர் புத்தகத்தில் இருக்கிறதாம். நான் வரியை விட்டுவிட்டுப் படிக்கிறேனாம். என்னை முதல் வகுப்புப் புத்தகம் படிக்கச் சொல்லிவிட்டார். நான் நாலு தடவை தடவினேன். அந்த வரி இல்லை. என் விரல் தப்பா?"

புள்ளியக்கா விரலைக் கடைசி வரியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தபால்காரர் மட்டும் ஞாபகம் வந்தார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிற தபால்காரர், அவளுக்கு ரொம்பப் பிடித்தவர். அந்த வரியை எப்போதும் கொஞ்சம் குரலை உயர்த்திப் படிப்பாள். இந்தத் தடவையும் உயர்த்தித்தான் படித்திருந்தாள். தங்கை கல்யாணத்திலிருந்து வந்து விளக்கைப் போட்டு, என்னக்கா சிலை மாதிரி உட்கார்ந்திருக்கே என்று கேட்டபோது, "எனக்குக் குணமாகலடி" என்றாள்.

திங்கள்கிழமை காலை உம்மண்ணன் வந்து உட்காருவதற்குள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். அச்சுப்பிரதியில் நாற்பத்தோராம் பக்கத்தை எடுக்கச் சொன்னாள். ஆடு கிணற்றில் விழுந்ததற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த வழியே வந்த தபால்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி ஆட்டைத் தூக்கினார்.

"பிள்ளைங்க புத்தகத்துல அந்த வரி இல்லண்ணா. தட்டச்சுல விட்டுப் போயிருக்கு."

"நீ படிச்சியேம்மா. நான் உம் போட்டேனே."

"படிச்சேன். தாள்ல இருந்து படிக்கல."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. இதற்கு முன்னால் எத்தனை வரி இப்படி என்று கேட்பார் என நினைத்தாள். மூன்று புத்தகம், அறுநூற்றுச் சொச்சம் பக்கம், அவ்வளவும் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது.

மேலாளரம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மூன்று புத்தகமும் கண் தெரியாத பிள்ளைகளின் கையில் இருக்கிறது என்று மேலாளரம்மா இரண்டு தடவை சொன்னார், இரண்டாவது தடவை குரல் உடைந்தது. திட்டியிருந்தால் தேவலை. உன் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் எந்தெந்த வரி இல்லை என்று கண்டுபிடி என்றார். புள்ளியக்கா டாக்டருக்குப் போன் போட்டுச் சட்டைக்கை விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு வியாழக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். நாள் கடந்துவிட்டது, எவ்வளவு திரும்பும் என்று இப்போது தனக்கே தெரியாது என்றார். யோகாவை விடவேண்டாம், ஆனால் அது செய்யாததை அது செய்ததாகச் சொல்லவும் வேண்டாம் என்றார்.

வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மேசைக்குத் திரும்பிவந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். சுண்டுவிரலை வைத்தாள். ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு வார்த்தை. எதிரே உம்முக்கும் உம்முக்கும் நடுவே ஒரு தேநீர் குடித்துவிடலாம், அவ்வளவு இடைவெளி. ஏழாவது வரியில் நின்றாள். அடுத்த வார்த்தை என்ன என்று வாய்க்கு நன்றாகத் தெரியும், தொண்டைவரை வந்து நிற்கிறது. விரலுக்குத் தெரியவில்லை.

"தெரியலண்ணா. குறி போடுங்க" என்றாள்.

பென்சில் தாளில் இரண்டு தடவை உரசியது. மூன்று மாதத்துக்கு அப்புறம் விழுந்த முதல் குறி. சாயங்காலத்துக்குள் நாலு பக்கம்தான் ஆனது, குறி பதினொன்று விழுந்தது.

கிளம்புவதற்கு முன்னால் பிரெயில் எழுத்துப்பொறியில் தாளைச் செருகி, அந்தப் பிள்ளைக்குப் பதில் அடித்தாள். அடித்து முடித்துத் தாளை உருவி மேசைமேல் வைத்து, சுண்டுவிரலால் தடவி உரக்கப் படித்தாள். உன் டீச்சரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அந்த வரி உன் புத்தகத்தில் இல்லை. நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். உன் விரல் சரி. கடைசி இரண்டு வார்த்தைகளில் சந்தேகம் வந்து, திரும்பவும் போய், ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

உம்மண்ணன் உம் கொட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் பிரதி ஏதும் இல்லை.

"அனுப்பிடும்மா" என்றார்.